மணியும் மெருகும்

மணிகளைப் பற்றி எழுதுவோர் அவற்றை அணிந்தோரையும் விற்றோரையும் பற்றியே பெரிதும் எழுதுவர். அவற்றுக்கு ஒளியூட்டிய கைகளைப் பற்றிய செய்தி அரிது. ஏட்டுச் சான்றுகள் குறைந்தமை மட்டும் இதற்குக் காரணமன்று. மெருகிடுதல் என்னும் தொழிலின் இயல்பும் ஒரு காரணமாகும். கல்லின் மேற்பரப்பிலுள்ள வெட்டுத் தழும்புகளையும் உராய்வுக் கீறல்களையும் அழிப்பதே மெருகு. ஆகவே மெருகு நிறைவுறுந்தோறும் உழைப்பின் தடயம் மறைகின்றது. அவ்வாறாயின் மணித்தொழிலின் வரலாற்றை எங்கே தேடுவது? இவ்வினாவை ஊவா மாகாணத்து ஆற்றுக் கற்களிலிருந்து தொடங்கி நோக்குதல் பொருந்தும்.

கற்களை முதலில் மெருகிட்டது நீரேயாகும். மொனராகலை மாவட்டத்தில், கும்புக்கன் ஓயாவின் வடிநிலத்தில் அமைந்த ஒக்கம்பிட்டிய, நீலக்கல்லுக்கும் கார்னெட் இனக் கற்களுக்கும் பெயர் பெற்றது. நவமணிகளுள் ஒன்றாகிய கோமேதகம் கார்னெட் இனத்ததே. இங்கு மணிகள் பாறையைப் பிளந்து எடுக்கப்படுவதில்லை. பண்டை ஆறுகள் படியவிட்ட பரற்படுகையை மண்ணின் கீழ்த் தோண்டியெடுத்து, கூடையிலிட்டு நீரில் அலசித் தெரிந்தெடுப்பர். இப்படுகை ‘இல்லம்’ எனப்படும். மலைப்பாறை சிதைந்து, வெள்ளத்தால் உருட்டுண்டு, ஒன்றோடொன்று மோதித் தேய்ந்த கற்களே அங்குக் கிடப்பன. ஏரிக்கரையில் அலைகள் செய்யும் பணியை ஈண்டு ஆறு செய்துள்ளது. ஊவாவின் மலைச்சாரலிற் பிறந்து கதிர்காமத்தினூடாகக் கடலையடையும் ஆறு மாணிக்க கங்கை எனப் பெயர் பெற்றிருத்தலும் நினைவுகூரத்தக்கது.

ஆற்றின் மெருகும் ஒருவகை ஆவணமே. முனை மழுங்கி உருண்ட கல் நெடுந்தொலைவு வந்ததாகலாம். விளிம்பு கூர்மையாக நிற்கும் கல் தாய்ப்பாறை அண்மையில் உள்ளதென உணர்த்தலாம். எனினும் கல்லின் வன்மையையும் உடன் கருதுதல் வேண்டும். 1812இல் பிரெடரிக் மோஸ் வகுத்த பத்துப் படிகளில் படிகக்கல் ஏழாம் படியிலும் குருந்தம் ஒன்பதாம் படியிலும் வைரம் பத்தாம் படியிலும் நிற்கின்றன. நீலமும் சிவப்பு மாணிக்கமும் குருந்தமே. இக்கனியத்தின் ஆங்கிலப் பெயர் ‘கொரண்டம்’ என்பது ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லினின்று பிறந்ததென அறிஞர் கொள்வர். பிற மணிகளைத் தேய்க்கப் பயன்பட்ட சாணைப்பொடியும் பெரும்பாலும் தூய்மையற்ற குருந்தமே. ஓரினக் கனியம் ஓரிடத்தில் அணியாகவும் மற்றோரிடத்தில் கருவியாகவும் அமைந்தமை வியப்பிற்குரியது.

இனி, மனிதர் இட்ட மெருகை நோக்குவோம். பதிற்றுப்பத்திற் கொடுமணம் எனப் போற்றப்படும் ஊர், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணல் என்பர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கு அகழாய்வுகளை நடத்தியது. முழுமையான மணிகளோடு, துளையிடாதவையும், பாதியில் உடைந்தவையும், செதுக்கியெறிந்த சில்லுகளும் அங்குக் கிடைத்தன. இவற்றுள் வரலாற்று மாணவனுக்குப் பயன்மிக்கவை பின்னையவையே. நிறைவுற்ற மணி வணிகத்தால் எங்கிருந்தும் வந்திருக்கக் கூடும். செதுக்கிய சில்லோ, தொழில் அங்கேயே நடந்தது என்பதற்குச் சான்றாகும்.

இந்நெறி ஊவாவுக்கும் பொருந்தும். மொனராகலை மாவட்டத்து வெல்லவாயவினூடாகச் செல்லும் கிரிந்தி ஓயாவின் கீழ்ப்பகுதியிலேயே பண்டை நகராகிய திசமகாராமை உள்ளது. 1990களில் இலங்கை, ஜேர்மன் அறிஞர் அங்கு நடத்திய அகழாய்வுகள் கைவினைஞர் வாழ்ந்த பகுதியொன்றை வெளிப்படுத்தின. அத்தகைய இடங்களில் மணியை மட்டும் பொறுக்கிக் கழிவை விடுத்தால் வரலாறு பாதியாகிவிடும்.

மறைந்த உழைப்பின் அளவை உணர்வதற்குக் குஜராத்தின் கம்பாத் நகரம் துணைசெய்யும். மணிகளைச் சாணைப்பொடியோடும் நீரோடும் தோற்பையிலிட்டு வாய்கட்டி, அறையின் இரு முனைகளிலும் இருவர் அமர்ந்து, வாரினாற் சுற்றிய அப்பையைப் பத்து முதற் பதினைந்து நாள்வரை முன்னும் பின்னும் இழுத்து உருட்டினர் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பம்பாய் மாகாண விவரத் தொகுதி கூறுகின்றது. ஆறு நெடுங்காலத்திற் செய்ததை மனிதன் நாட்களிற் செய்த முறை இது. இன்று மின்விசையாற் சுழலும் உருளைகள் அப்பணியைச் செய்கின்றன. அவற்றில் இடப்படும் சிலிக்கன் காபைட்டை 1890களில் உருவாக்கிய எட்வேட் அச்செசன், கார்பன், கொரண்டம் என்னும் இரு பெயர்களையும் இணைத்து அதற்குக் ‘கார்போரண்டம்’ எனப் பெயரிட்டார். நம் குருந்தம் அப்பெயரிலும் ஒலிக்கின்றது.

ஆயினும் பொறி வந்தமையால் துன்பம் ஒழியவில்லை. கம்பாத்தில் கல்லைச் சாணைச் சக்கரத்திற் பிடித்துத் தேய்ப்போர், எழும் சிலிக்காத் தூசியைச் சுவாசித்து, சிலிக்கோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோய்க்கு ஆளாவதை மருத்துவ ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. கழுத்தில் ஒளிரும் மணியைப் பார்ப்பவருக்கு இச்செய்தி புலனாவதில்லை. மெருகு அதனையும் மறைத்துவிடுகின்றது.

எனவே மணித்தொழிலின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரும்பொருட் பேழையிலுள்ள மணியோடு அமைதல் ஆகாது. உடைந்த துண்டும், துளைபடாத உருண்டையும், தொழிற்களத்தின் தூசியும் அவர்தம் ஆய்வுக்குரிய மூலங்களாகும். ஒக்கம்பிட்டியவின் குழிகளிலும் கொடுமணலின் மண்மேடுகளிலும் எறியப்பட்டவற்றை எண்ணிப் பேணும்போதே, மணியை ஆக்கியோரும் வரலாற்றில் இடம்பெறுவர்.