அமெரிக்காவிற் கட்டாயப் படைச்சேவை

1863ஆம் ஆண்டு யூலை மாதம் 11ஆந் திகதி, சனிக்கிழமை. நியூயோர்க் நகரின் மூன்றாம் அவெனியூவில் அமைந்த ஓர் அலுவலகத்தில் உருளையொன்று சுழற்றப்பட்டது. அதனுள்ளே அவ்வட்டாரத்து ஆடவர்களின் பெயர்கள் எழுதிய சீட்டுகள் கிடந்தன. திருவுளச்சீட்டுப் போல ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர்களை உரக்க வாசித்தனர். கூடியிருந்தோர் அன்று அமைதியாகவே கலைந்து சென்றனர். மறுநாட் பத்திரிகைகளில் அப்பெயர்கள் வெளிவந்தன. திங்கட்கிழமை அந்த அலுவலகம் தீக்கிரையாயிற்று.

நிலையான பெரும்படையை ஐயக்கண் கொண்டு நோக்கும் இயல்பு அமெரிக்கக் குடியரசுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. 1814இல், பிரித்தானியாவுடன் போர் நிகழ்ந்தபோது, மடிசன் ஜனாதிபதியின் அரசாங்கம் ஆட்களைக் கட்டாயமாகத் திரட்ட முயன்றது. டானியல் வெப்ஸ்ரர் என்னும் நாவலர் அதனைப் பிரதிநிதிகள் சபையிற் கடுமையாக எதிர்த்தார். சட்டம் நிறைவேறு முன்னரே போர் ஓய்ந்தது.

உள்நாட்டு யுத்தம் இந்நிலையை மாற்றியது. தொண்டர்களாகச் சேருவோர் தொகை குன்றவே, 1862 ஏப்ரிலிலே தென்மாநிலங்களின் கூட்டு முதலிற் கட்டாயச் சேவையை விதித்தது. மாநிலங்களின் உரிமைக்காகப் போரிடுவதாகச் சொல்லிக்கொண்டவர்களே முந்திக்கொண்டது கவனிக்கத்தக்கது. அதே ஆண்டில், இருபது அடிமைகளை உடைய தோட்டமொன்றுக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்களிக்கும் விதியும் வந்தது. லிங்கனுடைய அரசாங்கம் 1863 மார்ச்சில் இயற்றிய சட்டம் 20 முதல் 45 வயது வரையுள்ள ஆடவரைப் பதியுமாறு பணித்தது. அச்சட்டத்திற் பணமுடையோர்க்கு இரண்டு வாயில்கள் திறந்திருந்தன: தனக்காக வேறொருவனைக் கூலிக்கு அமர்த்தி அனுப்பலாம், அல்லது 300 டொலர் செலுத்தி அம்முறை தப்பிக்கொள்ளலாம். நாட்கூலி ஒரு டொலரளவே பெற்ற தொழிலாளிக்கு 300 டொலர் ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு! பின்னாளில் ஜனாதிபதியாகிய குரோவர் கிளீவ்லண்ட் தமக்குப் பதிலாள் ஒருவரை அனுப்பியவரே.

நியூயோர்க்கின் ஐரிஷ் குடியேற்றத் தொழிலாளர் இதனைப் பொறுத்தாரல்லர். தீயணைக்கும் தொண்டர் அணியொன்றே அலுவலகத் தாக்குதலில் முன்னின்றது விந்தை. சட்டத்தின் மேலெழுந்த சினம் விரைவிலேயே குற்றமற்றோர் மீது திரும்பியது. கறுப்பின மக்களே போருக்குக் காரணம், அவர்களே தமது வேலையைப் பறிப்பவர் என்று கருதிய கும்பல், தெருக்களில் அவர்களை வேட்டையாடிக் கொன்றது. ஐந்தாம் அவெனியூவிற் கறுப்பினச் சிறார்க்கென இயங்கிய அனாதை விடுதி எரிக்கப்பட்டது. அங்கிருந்த 233 பிள்ளைகளும் தப்பிப் பொலிஸ் நிலையம் சேர்ந்தமை அந்நாட்களின் ஒரே நற்செய்தி எனலாம். கெற்றிஸ்பேர்க் போர்க்களத்தில் நின்ற படைப்பிரிவுகள் வந்து கலகத்தை அடக்கின. இறந்தோர் தொகை ஆகக்குறைந்தது 119.

ஓகஸ்ட் 19ஆந் திகதி பெரும் படைக்காவலுடன் சீட்டெடுப்பு மீண்டும் தொடங்கியது. 300 டொலர் சலுகை மறு ஆண்டிற் பெரும்பாலும் நீக்கப்பட்டது. பதிலாள் முறையோ நீடித்தது. நான்கு முறை எடுத்த சீட்டுகளில் ஏறத்தாழ 7,76,000 பெயர்கள் வந்தன. தாமே சென்று சேவை புரிந்தோர் சுமார் 46,000 பேரே. 1,60,000க்கு மேற்பட்டோர் சமுகமளிக்கவேயில்லை. படையை நிரப்பியதிலும் பார்க்க, அச்சத்தாலும் ஊக்கப்பணத்தாலும் தொண்டர்களை வரச்செய்ததே சட்டத்தின் பயன்.

இத்தோல்வியை அமெரிக்கர் மறக்கவில்லை. இல்லினோய் மாநிலத்தில் ஆட்திரட்டலை நடத்திய ஜேம்ஸ் ஓக்ஸ் போர் முடிந்ததும் எழுதிய அறிக்கை, அரை நூற்றாண்டின் பின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகாட்டியது. இம்முறை பதிலாள் இல்லை. விலை கொடுத்து விலகுதலும் இல்லை. உத்தியோகத்தர் வீடுவீடாய்ச் செல்ல, கதவை அடைத்து ஓடிய பழைய காட்சிக்குப் பதிலாக, ஆடவர் தாமே வந்து பதிந்தனர். யாரை எடுப்பது, யாரை விடுவதென்பதை அயலவர் அடங்கிய உள்ளூர்ச் சபைகள் தீர்மானித்தன. முதலாம் உலக யுத்தத்தில் இவ்வாறு சுமார் 28 இலட்சம் பேர் படையிற் சேர்க்கப்பட்டனர்.

போரில் இறங்கு முன்னரே கட்டாயச் சேவை தொடங்கியது 1940இல். மறு ஆண்டு ஓகஸ்டில் அதன் காலத்தை நீட்டும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்னும் ஒரேயொரு வாக்கினால் நிறைவேறியது. நான்கு திங்களுள் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது.

வியட்நாம் போரின்போது பழைய கேள்வி வேறு உருவில் எழுந்தது. பல்கலைக்கழக மாணவர் தம் முறையை ஒத்திப்போட முடிந்தது. கல்லூரி காணாத ஏழை இளைஞருக்கு அந்த வசதி இல்லை. குறை நீக்கவென்று 1969 டிசம்பர் முதலாந் திகதி பிறந்த நாட்களைச் சீட்டாக எடுத்தனர். சீட்டு அடங்கிய குளிகைகள் நன்கு கலக்கப்படாமையால், ஆண்டின் இறுதி மாதங்களிற் பிறந்தோரே கூடுதலாக முன்வரிசையில் விழுந்தனர். புள்ளிவிவர அறிஞர் இதனை எடுத்துக்காட்ட, அடுத்த ஆண்டு முறை திருத்தப்பட்டது.

1973இற் கட்டாயச் சேவை நின்றது. 1977 ஜனவரியிற் பதவியேற்ற ஜிம்மி கார்ட்டர், மறுநாளே, சேவைக்கு அஞ்சியோ அதனை வெறுத்தோ சட்டத்தை மீறியோர்க்கு மன்னிப்பு வழங்கினார். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுட் புகுந்த பின்னர், 1980இல், இளைஞர் மீண்டும் பெயர் பதியவேண்டுமென ஆணையிட்டவரும் அவரே.