திக்கித் திக்கிப் பேசிய கார்புரேட்டர்

கார்புரேட்டரின் கடைசி நாள் 2020 மார்ச் 31. அன்று பெரம்பலூரில் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6. புகைக்கு அது வைத்த அளவுக்குள் கார்புரேட்டரால் நிற்க முடியவில்லை. டிவிஎஸ் எக்ஸ்எல், ஸ்ப்ளெண்டர், புல்லட் என்று நம் தெருவில் ஓடும் வண்டிகள் ஏறத்தாழ எல்லாமே ஒரே மூச்சில் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. கார்களை விட்டுக் கார்புரேட்டர் 2000-ஐ ஒட்டியே போய்விட்டது. இரு சக்கர வண்டிகளில்தான் இன்னும் இருபது வருஷம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. துக்க வீட்டில்கூட ஆட்கள் திரள முடியாத நாட்கள் அவை. கார்புரேட்டருக்காக யாரும் வந்து நிற்கவில்லை. எனக்கு அது அந்நியம் இல்லை. நாலு வார்த்தை எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

எனக்கும் அதற்கும் பழக்கம் சித்தப்பாவின் அம்பாசிடரில் தொடங்கியது. பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு நிற்கும் வண்டி. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பதால், அந்த இரண்டு நாளும் சவாரி நிச்சயம். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது, கிளைச் சாலையிலிருந்து திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் ஏற வேண்டிய இடத்தில், சித்தப்பா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி பாதி ரோட்டுக்குப் போய் மூச்சை நிறுத்தியது. அணைந்துவிடவில்லை. ‘உக்’ என்று ஒரு திக்கல், அவ்வளவுதான். அந்த ஒரு நொடியில் திருச்சிப் பக்கமிருந்து வந்த லாரியின் முகப்பு எனக்கு ஜன்னல் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. பின்சீட்டில் இருந்த அம்மாக்கள் “ஆத்தா” என்று கத்தினார்கள். வண்டி சுதாரித்துப் பாய்ந்து அக்கரை ஏறிய பிறகும் சித்தப்பாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நேரே துறையூர் சாலைக்கு விட்டார். வேப்பமரத்தடியில் ஒரு கீற்றுக் கொட்டகை. மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: “மிதிச்ச உடனே திக்குதாண்ணே, இல்ல ஓட்டத்துல திக்குதா?”

அந்தக் கேள்வியில் பாதி வைத்தியம் முடிந்துவிடுகிறது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. கார்புரேட்டரின் வேலை காற்றையும் பெட்ரோலையும் கலப்பது. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். குறுகிய தொண்டை வழியாகக் காற்று ஓடும்போது அதன் வேகம் கூடி அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஜெட் வழியாக மேலே எழும்பித் தூவும். கொசுமருந்து அடிக்கும் ஃப்ளிட் பம்பை எண்ணிக்கொண்டால் போதும். நிதானமாக ஓடும் வரைக்கும் இதில் சங்கடம் இல்லை. சட்டென்று மிதித்தால்தான் வம்பு. தொண்டையில் இருக்கும் கதவு திறந்ததும் காற்று உடனே உள்ளே பாயும். பெட்ரோல் கனமானது, அதனால் உடனே ஓடிவர முடியாது. அந்த இடைவெளியில் எஞ்சினுக்கு வெறும் காற்றுதான் கிடைக்கிறது. அதுதான் திக்கல். அதை நிரப்பத்தான் கார்புரேட்டரின் விலாவில் ஒரு குட்டிப் பம்பு வைத்தார்கள். மிதித்த கணத்தில் அது ஒரு பீச்சு பெட்ரோலைத் தொண்டைக்குள் அடிக்கும். ஆக, மிதித்த உடனே திக்கினால் பம்பைப் பார்க்க வேண்டும். அறுபதில் போகும்போது திக்கினால் மெயின் ஜெட்டையோ பெட்ரோல் வரும் வழியையோ பார்க்க வேண்டும்.

அண்ணன் எஞ்சினை அணைக்கச் சொன்னார். ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்தார். சித்தப்பா ஆக்சிலேட்டரை மிதிக்க, அவர் சோலெக்ஸ் கார்புரேட்டரின் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். “நூல் மாதிரி வரணும் தம்பி. என்னா வருது சொல்லு?” இரண்டு சொட்டு வழிந்தது. நூல் இல்லை.

பக்கவாட்டு மூடியின் திருகுகளைக் கழற்றி உள்ளே இருந்த டயாப்ரத்தை எடுத்தார். ரப்பர் பூசிய துணி வட்டம், எட்டணாக் காசைவிடக் கொஞ்சம் பெரிது. வருஷக்கணக்காகப் பெட்ரோலில் ஊறி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. அதை வெயிலுக்கு நேரே பிடித்தார். நடுவில் ஊசி முனையளவு வெளிச்சம். அன்று எங்களை லாரிக்கு முன்னால் நிறுத்தியது அந்த ஓட்டைதான்.

புது டயாப்ரம் போட்ட பிறகும் அவர் வண்டியைக் கொடுக்கவில்லை. பம்பின் அடியில் இருந்த குண்டு வால்வை ஊதிப் பார்த்தார். மேனிஃபோல்ட் இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டு, எஞ்சினை ஓடவிட்டு, எங்காவது ஏர் இழுக்கிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டார். டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்த்தார். பெட்ரோல் குறையால் வரும் திக்கலும் தீப்பொறி குறையால் வரும் திக்கலும் ஓட்டுகிறவனுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு இன்னொன்றோடு வண்டியை நெடுஞ்சாலைக்கு அனுப்புவது பாவம் என்று அவர் நினைத்தார். அந்த மனசுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

பக்கத்து அரியலூர் வண்டிகளின் நோய் வேறு மாதிரி. அந்த மண் ஒரு காலத்தில் கடலடி. கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக்கல்தான் சிமெண்ட் ஆகிறது. சுண்ணாம்புக்கல் லாரி போகும் ரோட்டில் ஓடும் எக்ஸ்எல்லின் ஏர் ஃபில்டர் சீக்கிரமே வெள்ளையாகிவிடும். காற்று குறைந்து, பெட்ரோல் மிஞ்சி, பிளக் கறுத்து, வண்டி முக்கும். முக்குகிறதே என்று சிலர் ஃபில்டரையே கழற்றி வீசிவிடுவார்கள். அதன் பிறகு மாவு போன்ற தூசு நேரே கார்புரேட்டரின் காற்றுத் துளைகளில் போய் உட்காரும். டைனோசர் காலத்துக் கடல், டீக்கடைக்குப் போய்வரும் வண்டியின் தொண்டையை அடைத்துக்கொண்டது என்று சொன்னால் மிகை இல்லை.

ஜெட்டைச் சுத்தம் செய்வதில் ஒரு தர்மம் இருந்தது. கழற்றி, பெட்ரோலில் அலசி, வாயில் வைத்து ஊதி, வானத்தைப் பார்த்துப் பிடித்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கம்பி விட்டுக் குத்தினால் நல்ல மெக்கானிக் கையைத் தட்டிவிடுவார். சோலெக்ஸ் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். கம்பி உரசி அது கொஞ்சம் அகன்றாலும் பழைய கணக்கு போயிற்று. ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளின் கார்புரேட்டரில் அந்தக் குட்டிப் பம்பே கிடையாது. அங்கே ஓர் ஊசி மேலும் கீழும் போய் பெட்ரோலை அளக்கும். ஊசியின் தலையில் வரிசையாக வெட்டுகள். கிளிப்பை ஒரு வெட்டு கீழே மாட்டினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும், திக்கல் தீரும். ஒரு வெட்டு கூடிப்போனால் புகை. இதைக் கண்ணால் பார்த்துக் கற்க முடியாது. காதால்தான் கற்க வேண்டும்.

இந்தக் கருவியின் பூர்வீகம் நம் ஊர் இல்லை. ஹங்கேரியின் பொறியாளர்கள் பாங்கியும் சோங்காவும் தூவும் வகைக் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கேட்டது 1893-இல். ஜெர்மனியில் மேபாக் அதே ஆண்டுகளில் தனியாக அதை எட்டியிருந்தார். அமெரிக்காவில் 1960-களின் மசில் கார்களில் நான்கு தொண்டையுள்ள ஹோலி கார்புரேட்டர்கள் இருந்தன, சிலவற்றில் இரண்டு பம்பு. அங்கேயும் அதே திக்கல், அதே டயாப்ரம், அதே எட்டிப் பார்த்தல். நாஸ்காரின் முதன்மைப் பந்தயத் தொடர்கூட 2011 வரை கார்புரேட்டரை விடவில்லை. நம் பக்கம் ஜப்பானின் மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்து 1985-இல் தொடங்கிய யூகால் நிறுவனம் சென்னையை அடுத்த மறைமலை நகரில் கார்புரேட்டர் செய்தது. புல்லட்டில் ‘மிக்கார்ப்’ என்ற எழுத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

கார்புரேட்டரின் சாவு நியாயமான சாவுதான். மலையும் சமவெளியும், பனியும் வெயிலும் மாறும்போது தன் கலவையைத் தானே திருத்திக்கொள்ள அதற்குத் தெரியாது. எரியாத பெட்ரோலைப் புகையில் விட்டது. ஏற்கெனவே தூசைச் சுவாசிக்கும் அரியலூர்க் குழந்தைகளின் நெஞ்சில் அதையும் சேர்த்து ஏற்ற நமக்கு உரிமை இல்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார்கள் காற்றையும் சூட்டையும் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. சட்டென்று முறுக்கினால் ஒரு பீச்சு கூடுதலாகக் கொடுக்கிறது. வேலை அந்தக் குட்டிப் பம்பின் வேலையேதான். கிழிய டயாப்ரம் இல்லை.

எனக்குள்ள வருத்தம் வேறு. கார்புரேட்டரோடு வேப்பமரத்தடியையும் சேர்த்து அடக்கம் செய்துவிட்டோம். இன்று வண்டி திக்கினால் முதலில் ஸ்கேனரைச் சொருக வேண்டும், பல கொட்டகைகளில் ஸ்கேனர் இல்லை. முப்பது வருஷம் காதால் வைத்தியம் பார்த்தவர் பங்ச்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். சட்டம் மாறும் என்று குறைந்தது ஒன்றரை வருஷம் முன்பே தெரியும். ஐடிஐகளில் மாலை வகுப்பு வைத்து, கையில் ஒரு ஸ்கேனரையும் கடனாகக் கொடுத்திருந்தால் அவர் அதையும் கற்றிருப்பார். மிதித்த உடனேயா, ஓட்டத்திலா என்று கேட்கத் தெரிந்தவருக்குத் திரையில் வரும் எண்ணைப் படிப்பதா கஷ்டம்?

சொந்தபந்தங்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். வெங்காயக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் முதுகில் சுமக்கும் பவர் ஸ்பிரேயரில், புல் வெட்டும் மெஷினில், பழைய எக்ஸ்எல்லில் கார்புரேட்டர் இன்னும் தூவிக்கொண்டிருக்கிறது. அவற்றுக்கு இப்போது புதுத் தொல்லை எத்தனால். பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரையும் டயாப்ரத்தையும் கெடுக்கும். கிண்ணத்தில் பச்சை பூக்க வைக்கும். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால், பழைய ஜெட்டோடு ஓடும் வண்டிக்குக் கலவை மெலிந்து, திக்கல் இன்னும் கூடும்.

உங்கள் வீட்டுத் திண்ணை ஓரத்தில் அப்பாவின் வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தால், இந்த வாரமே பெட்ரோல் குழாயை மூடுங்கள். கார்புரேட்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கிண்ணத்தில் இருப்பதை ஒரு டப்பாவில் வடித்துவிடுங்கள். பக்கத்தில் அடுப்போ பீடியோ வேண்டாம். பிறகு ஊரில் அந்தப் பழைய மெக்கானிக் இருக்கிறாரா என்று விசாரித்து, டயாப்ரம் இருந்தால் அதையும் ரப்பரையும் மாற்றச் சொல்லுங்கள். அவர் வேலை செய்யும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க வையுங்கள்.