பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா: 1918-ம் ஒரு கையெழுத்தும்

இந்த முறை கொஞ்சம் நீளமான பதிவு. வரலாற்று டீச்சர் என்றால் சுருக்கமாகப் பேச வராது என்று உங்களுக்குத்தான் தெரியுமே. காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் பீரோவைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய நோட்டு கிடைத்தது. 2020 நவம்பர் 9 அன்று எங்கள் பள்ளியில் நடந்த பெற்றோர் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான் எடுத்த குறிப்புகள். அந்த ஆண்டு மே மாதம் 58 வயதில் ஓய்வு பெற வேண்டியவள் நான். அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது, பிறகு 60 ஆக்கியது. கொரோனா காலம் முழுவதும் பணியில் இருக்கும்படி ஆகிவிட்டது. 9 முதல் 12 வரையான வகுப்புகளை நவம்பர் 16-ல் திறக்கலாமா என்று பெற்றோரைக் கேட்கச் சொல்லியிருந்தார்கள். மரத்தடியில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, முகக்கவசத்தோடு உட்கார வைத்துக் கேட்டோம்.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய அம்மா எழுந்து, "புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்க டீச்சர். ஆனா வீட்ல எங்க மாமியா இருக்குதே, அதுக்கு எழுபத்தஞ்சு வயசு. உங்க பேரனா இருந்தா நீங்க அனுப்புவீங்களா?" என்று கேட்டார்.

"அனுப்புவேம்மா" என்று சொல்லிவிட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. இதே கேள்வியை நூறு வருடத்துக்கு முன்னால் தாய்மார்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தது அப்போதுதான்.

1918. முதல் உலகப் போர் முடியும் நேரம். இன்ஃப்ளூயன்சா உலகத்தையே சுற்றி வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். ஆனால் நம் ஊரில் 'பள்ளிக்கு அனுப்பலாமா' என்ற கேள்வி அநேக வீடுகளில் எழவே இல்லை. 1911 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் ஆறு பேர், பெண்களில் ஒருவர். அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்குத்தானே நிறுத்துவதைப் பற்றிக் கவலை! அதனால் அந்தக் கேள்வி பெரிதாக எழுந்த ஒரு இடத்துக்கு, நியூயார்க்குக்கு, உங்களை அழைத்துப் போகிறேன்.

அந்த அக்டோபரில் அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. செயின்ட் லூயிஸ் நகரம் மாதத் தொடக்கத்திலேயே மூடியது. மூன்று பெரிய நகரங்கள் மட்டும் மூடவில்லை: நியூயார்க், சிகாகோ, நியூ ஹேவன். நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்ட், கண் மருத்துவர், ஹோமியோபதி படித்தவர், பின்னாளில் செனட்டரும் ஆனார். ஒரு தொற்றுநோயை இவரிடமா ஒப்படைப்பது என்று அன்றைக்கே பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அவர் சொன்ன கணக்கு லேசில் தள்ளக்கூடியதில்லை. நகரத்தில் பள்ளிப் பிள்ளைகள் சுமார் பத்து லட்சம். அதில் ஏழரை லட்சம் பேர் நெருக்கடியான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். உள் அறைகளில் வெளிச்சமும் காற்றும் கிடையாது, ஒரே அறையில் ஐந்தாறு பேர். பள்ளியை மூடினால் பிள்ளை எங்கே போகும்? அந்த இருட்டு அறைக்கு, இல்லாவிட்டால் தெருவுக்கு. பள்ளியிலோ பெரிய ஜன்னல் இருக்கிறது, காலையில் முகத்தைப் பார்க்க ஆசிரியர் இருக்கிறார், மருத்துவரும் செவிலியரும் இருக்கிறார்கள்.

இந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் டாக்டர் ஜோசஃபின் பேக்கர், நகரத்தின் குழந்தைகள் நலப் பிரிவின் தலைவர். வகுப்பில் 'டைஃபாய்டு மேரி' கதை சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மேரி மாலனை 1907-ல் ஓடிப்பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய அதே பெண் டாக்டர்தான். ஆறு வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளை நான் தினமும் பார்த்துக்கொள்கிறேன், பள்ளியைத் திறந்து வையுங்கள் என்று கேட்டு வாங்கினார். பிள்ளைகள் வாசலில் கூட்டம் கூடாமல் நேராக வகுப்புக்குப் போக வேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவரையும் பார்ப்பார். தும்மல், காய்ச்சல் இருந்தால் சுகாதார ஊழியர் வீட்டுக்கு அழைத்துப் போய், அங்கே தனியாகப் படுக்க வைக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் ஆஸ்பத்திரி. மாலையில் வழியில் விளையாடாமல் வீட்டுக்கு. இதுதான் ஏற்பாடு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை அந்தக் குடியிருப்பில் இருந்த ஒரு தாயின் காதால் கேட்டுப் பாருங்கள். இரண்டே வருடம் முன்னால், 1916 கோடையில், அதே நகரத்தில் போலியோ வந்திருந்தது. சுமார் 9,000 பேருக்கு நோய், 2,400 பேருக்கு மேல் சாவு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அந்த வருடம் பள்ளி திறப்பையே செப்டம்பர் 25 வரை தள்ளிப் போட்டார்கள். பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் ஊரை விட்டு வெளியே போக ஆரோக்கியச் சான்றிதழ் வேண்டும். நோய் வந்த குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ளத் தனி அறை, தனிக் கழிப்பறை, கவனிக்க ஆள் என்று நிபந்தனைகள். ஏழைக்கு அதெல்லாம் ஏது? பணக்கார வீட்டுக் குழந்தை வீட்டிலேயே இருந்தது. ஏழை வீட்டுக் குழந்தையை அதிகாரிகள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வராத குழந்தைகள் உண்டு.

இப்போது அதே சுகாதாரத் துறை, 'பயப்படாதே, பள்ளிக்கு அனுப்பு, வீட்டில் இடமில்லையென்றால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிறது. அனுப்பத் தயங்கிய தாயை அறியாமை என்று எப்படிச் சொல்வது? அவள் போன பரீட்சையில் படித்த பாடத்தை இந்தப் பரீட்சையில் எழுதுகிறாள்.

சிகாகோவில் அப்படித்தான் சொன்னார்கள். அங்கேயும் பள்ளி திறந்திருந்தது, ஆனால் உச்சத்தில் கிட்டத்தட்ட பாதிப் பிள்ளைகள் வரவில்லை. 'ஃப்ளூஃபோபியா' என்று அதற்கு ஒரு பெயர் வைத்தது சுகாதாரத் துறை. அதாவது பெற்றோருக்கு ஃப்ளூ இல்லை, ஃப்ளூ பயம் என்ற வியாதியாம். எனக்கு அதைப் படித்ததும் கோபம் வந்தது. அவர்கள் கையில் கணக்கு இருந்தது. கணக்குப்படி அவர்கள் சொன்னதில் பாதி சரியும்கூட. 1918 ஃப்ளூ அதிகம் கொன்றது 20 முதல் 40 வயதுக்காரர்களை. பள்ளி வயதுப் பிள்ளைகளின் இறப்பு விகிதம்தான் எல்லாரிலும் குறைவு. ஆனால் அந்த 20-லிருந்து 40 வயதுக்காரர்கள் யார்? அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாதானே. பிள்ளை பிழைத்து, பெற்றவர்கள் போன வீடுகள் எத்தனையோ.

நியூயார்க் செய்தது சரியா? அந்த இலையுதிர் காலத்தில் மட்டும் அங்கே சுமார் 20,000 பேர் இறந்தார்கள். ஆனாலும் ஜனத்தொகைக் கணக்கில் பாஸ்டனையும் ஃபிலடெல்ஃபியாவையும் விடக் குறைவு. மறுபக்கம், 43 அமெரிக்க நகரங்களை ஒப்பிட்டு 2007-ல் வந்த ஓர் ஆய்வு, சீக்கிரமாகவும் நீண்ட நாளும் பள்ளி மூடல், கூட்டத் தடை போன்றவற்றைச் சேர்த்துச் செய்த ஊர்களில் சாவு குறைவு என்கிறது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் என் எண்ணம் இது: நியூயார்க் பள்ளியைத் திறந்து வைக்க முடிந்ததற்குக் காரணம் கோப்லாண்டின் துணிச்சல் அல்ல, 1902-ல் வேலைக்கு வந்த ஒரு நர்ஸ்.

அவர் பெயர் லினா ரோஜர்ஸ். அதற்கு முன்பு பள்ளிக்கு டாக்டர் வருவார், கண்நோய், படை, சிரங்கு இருக்கும் பிள்ளையை 'வீட்டுக்குப் போ' என்று அனுப்புவார். அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு யார் மருந்து போடுவது? தெருவில் அதே வகுப்புப் பிள்ளைகளோடு விளையாடும். அந்த வருடம் செப்டம்பரில் மட்டும் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 10,000-க்கும் மேல். லில்லியன் வால்ட் என்ற செவிலியர் தலைவி, தம் அமைப்பிலிருந்து லினாவை நான்கு பள்ளிகளுக்குச் சோதனையாக அனுப்பினார். அவர் பள்ளியிலேயே மருந்து போட்டார், மாலையில் வீடு வீடாக மாடி ஏறி அம்மாக்களிடம் உட்கார்ந்து பேசினார். பிறகு செவிலியர்களின் எண்ணிக்கை கூடியது. அடுத்த செப்டம்பரில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சுமார் 1,100. பதினாறு வருடம் அப்படி மாடி ஏறிய பிறகுதான் 1918-ல் 'எங்களை நம்பி அனுப்புங்கள்' என்று சொல்லும் வாய் அந்த ஊருக்கு இருந்தது. 1916-ல் அதே வாய் கொஞ்சம் கெட்டும் போயிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு துண்டு, நம் கல்வித் தொலைக்காட்சிக்கு அண்ணன் மாதிரி. 1937 செப்டம்பரில் போலியோவால் சிகாகோ பள்ளிகள் திறக்கவில்லை. வானொலி நிலையங்கள் கால் மணி நேரப் பாடங்களை ஒலிபரப்பின, செய்தித்தாள்கள் பாடக்குறிப்புகளை அச்சிட்டன, பெற்றோர் சந்தேகம் கேட்கத் தொலைபேசி வைத்தார்கள். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்காக, சுமார் மூன்று வாரம். ரேடியோ இல்லாத வீடும், சரியாக எடுக்காத ரேடியோவும் அப்போதும் இருந்தன. நமக்கோ ஒன்றரை வருடம். 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் எடுத்த ஓர் ஆய்வில், கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் நூற்றுக்கு எட்டு பேர். படிப்பே இல்லாதவர்கள் முப்பத்தேழு பேர்.

சரி, என் நோட்டுக்கு வருகிறேன். நவம்பர் கூட்டத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. திறப்பு தள்ளிப்போனது. ஜனவரியில் மறுபடி கேட்டார்கள். 2021 ஜனவரி 19-ல் பத்தும் பன்னிரண்டும் திறந்தன. அறைக்கு 25 பேர், சத்து மாத்திரை, பெற்றோரின் சம்மதக் கடிதம் கட்டாயம். கடிதங்களை வாங்கி அடுக்கியது நான்தான். அந்த அம்மாவின் கடிதம் வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன். "மாமியாளுக்கு இளைப்பு டீச்சர்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. மாடி ஏறிப் போகவும் இல்லை. அவர்கள் வீடு பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான்.

பத்தாம் வகுப்புக்கு அந்த வருடம் பரீட்சை இல்லை, எல்லோரும் தேர்ச்சி. செப்டம்பரில் பதினொன்று திறந்தபோது பையன் வரவில்லை. சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

இப்போது அந்த 'அனுப்புவேம்மா'. என் பேரன் அப்போது பெங்களூரில் ஒன்றாம் வகுப்பு. அவன் வகுப்பு திறக்கவே இல்லை. ஆனால் திறந்தாலும் அனுப்புவதில்லை என்று தீபாவளிக்கு முன்பே வீட்டில் பேசி முடிவெடுத்திருந்தோம். அவனுக்கென்று தனி அறை, டேப்லெட், பக்கத்தில் உட்காரப் படித்த அம்மா. அந்த முடிவுக்கு முதலில் தலையாட்டியவள் நான்தான். என் மகள் இதைப் படித்தால் சிரிப்பாள்.

போன மாதம் சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். மாமியார் நன்றாக இருக்கிறாராம், இன்னும் வெற்றிலை போடுகிறாராம். பையன் டைல்ஸ் ஒட்டும் வேலையில் நல்ல கையாம், கோயம்புத்தூரில் இருக்கிறானாம். "அன்னைக்கு நீங்க சொன்னத நான் கேக்கல, கோச்சிக்காதீங்க டீச்சர்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. பையனுடைய போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன். தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுத வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். கோயம்புத்தூரில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கியல் சொல்லிக்கொடுக்க முடியுமென்றால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள்.