மதராசுக்கு ஈடாகத் திருப்பித் தரப்பட்ட ஊர்



சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவர்களை மலாக்காவுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். ஆற்றோரத்தில் உள்ள மிடல்பர்க் கொத்தளத்தின்மீது ஏறி, அங்கிருந்த பீரங்கியைத் தடவிப் பார்த்த ஒரு மாணவன், "டீச்சர், இது உண்மைக் கோட்டையா, பொய்க் கோட்டையா?" என்று கேட்டான். 2006ஆம் ஆண்டு சுழல் கோபுரம் கட்டுவதற்காக நிலத்தைத் தோண்டியபோது பழைய அடித்தளம் வெளிப்பட்டதும், கோபுரத்தை வேறிடத்திற்கு மாற்றிவிட்டு அங்கே கொத்தளத்தை மீண்டும் எழுப்பியதும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் கொளுத்தும் வெயில், காத்திருக்கும் பேருந்து, எண்ணிச் சரிபார்க்க வேண்டிய நாற்பது தலைகள்! "புதிதாகக் கட்டியதுதான், வா" என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவன் முகம் வாடிப்போனது இன்றும் நினைவில் இருக்கிறது.

அந்தக் கேள்வி, கனடாவின் கிழக்குக் கரையில், கேப் பிரெட்டன் தீவில் உள்ள லூயிஸ்பர்க் கோட்டை நகரில் மீண்டும் என்முன் வந்து நின்றது. கனடாவில் குடியேறிய அக்காள் குடும்பத்தோடு ஹாலிஃபாக்ஸிலிருந்து மகிழுந்தில் ஐந்து மணி நேரத்திற்குமேல் பயணம் செய்து அங்குச் சென்றோம். கோடைக்காலம் என்றார்கள். எனக்கோ கேமரன் மலையில் மழைக்கால விடியலைப்போல் குளிர்ந்தது. கடலிலிருந்து எழுந்த மூடுபனியில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. வரவேற்பு நிலையத்தில் மகிழுந்தை விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறிச் சிறிது தொலைவு போனதும், பனிக்குள்ளிருந்து ஒரு கோட்டை வாயிலும் கூரைகளும் புகைபோக்கிகளும் மெல்ல வெளிப்பட்டன.

வாயிலில் மூன்று முனைத் தொப்பியும் நீண்ட துப்பாக்கியுமாக ஒரு படைவீரர் எங்களை மறித்தார். நாங்கள் ஆங்கிலேய ஒற்றர்களா என்று அவருக்கு ஐயமாம்! அக்காள் மகன் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினான். உள்ளே சென்றால் அடுப்பில் சமைக்கும் பெண்கள், ஆணி அடிக்கும் கொல்லர், முரசு கொட்டும் சிறுவர்கள் என எல்லோரும் அக்கால உடையில் நடமாடுகிறார்கள். அந்த ஊரில் எப்போதும் 1744ஆம் ஆண்டுக் கோடைதான்.

ஏன் 1744? அதைப் புரிந்துகொள்ள ஊரின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1713ஆம் ஆண்டு உட்ரெக்ட் உடன்படிக்கையில் நியூஃபவுண்ட்லாந்தையும் அகேடியாவையும் ஆங்கிலேயரிடம் இழந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்பகுதியில் எஞ்சியவற்றுள் முக்கியமானது இந்தத் தீவு. அங்கே குடியேறி, மன்னர் பதினான்காம் லூயியின் பெயரைத் துறைமுகத்திற்கு வைத்தார்கள். 1719 வாக்கில் மதில் வேலை தொடங்கி, கால் நூற்றாண்டு நீடித்தது. ஊரைக் காத்தது மதில்; ஊரை வாழவைத்ததோ காட் மீன். உப்பிட்டு உலர்த்திய அம்மீன் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றது. 1734இல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்றைய கனடாவின் நிலப்பரப்பில் முதலாவது.

கடற்பக்கம் வலுவாக இருந்த கோட்டைக்குத் தரைப்பக்கம் பலவீனமாக இருந்தது. பக்கத்தில் மேடுகள்; அங்கே பீரங்கியை ஏற்றிவிட்டால் ஊர் முழுவதும் இலக்கு. போதாக்குறைக்குச் சுண்ணச்சாந்து அந்தக் குளிருக்கும் ஈரத்திற்கும் தாங்காமல் உதிர்ந்துகொண்டே இருந்தது. 1744 திசம்பரில், கெட்டுப்போன காய்கறிகளையும் செய்த வேலைக்குத் தரப்படாத கூலியையும் காரணம் காட்டிக் கோட்டைப் படைவீரர்களே கலகம் செய்தார்கள். அடுத்த ஆண்டு, பாஸ்டன் பக்கமிருந்து வில்லியம் பெப்பரல் தலைமையில் ஏறத்தாழ 4,000 குடியேற்ற மக்கள் வந்து இறங்கினார்கள். மீனவர்களும் உழவர்களுமாக இருந்த அவர்கள், சதுப்பு நிலத்தில் பீரங்கிகளைச் சறுக்குப் பலகைகளில் வைத்து இழுத்துச் சென்றார்கள். ஆறு வாரங்களுக்குமேல் நீடித்த முற்றுகைக்குப்பின், 1745 சூனில் லூயிஸ்பர்க் வீழ்ந்தது.

ஆக, 1744 கோடை என்பது கலகத்திற்கும் தோல்விக்கும் முந்தைய கடைசி நல்ல கோடை. மீட்டுருவாக்கியவர்கள் அந்தக் கோடையிலேயே கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவது நம் மக்களுக்குப் புதிதாக இருக்கலாம். பயணத்திற்கு முன் படிக்கும்வரை எனக்கும் தெரியாது. லூயிஸ்பர்க் வீழ்ந்த மறு ஆண்டு, 1746 செப்டம்பரில், உலகின் மறுபக்கத்தில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே ஆங்கிலேயரிடமிருந்து மதராசைக் கைப்பற்றினார். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்நாள்களைத் தமிழில் எழுதிவைத்திருப்பது நாம் அறிந்ததே. 1748இல் போர் முடிந்து ஏ-லா-ஷபேல் என்னும் நகரில் உடன்படிக்கை கையெழுத்தானபோது, பிடித்ததைத் திருப்பித் தருவதே அதன் அடிப்படையாக அமைந்தது. லூயிஸ்பர்க் பிரெஞ்சுக்காரருக்கு, மதராஸ் ஆங்கிலேயருக்கு. ஐரோப்பாவில் இன்றைய பெல்ஜியப் பகுதிகளைப் பிரான்சு திருப்பித் தந்தது போன்ற வேறு கொடுக்கல் வாங்கல்களும் அதில் உண்டு. எனினும் இந்த இரண்டு துறைமுகங்களும் தராசின் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்கப்பட்டன என்பது உண்மை. லூயிஸ்பர்க்கை உயிரைக் கொடுத்துப் பிடித்த பாஸ்டன் மக்கள் கொதித்துப்போனார்கள். போரில் இறந்தவர்களைவிட, பிடித்த பின் வந்த குளிர்காலத்தில் நோயில் மடிந்த அவர்கள் ஆள்கள் பன்மடங்கு. கறுப்பர் பட்டணத்து நெசவாளரையும் வணிகரையும் யார் கேட்டார்கள்? இரண்டு ஊர் மக்களுக்கும் ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது.

சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைப் பார்த்திருக்கிறேன். அந்த மதில்களுக்கு இந்தப் பனிமூட்ட ஊர் ஒருமுறை விலையாக இருந்தது என்பதை நினைத்தபடியே நடந்தேன். ஆர்வம் தாங்காமல், வாயிலில் எங்களை மறித்த அதே வீரரிடம், "உங்கள் ஊரை மதராசுக்கு மாற்றாகக் கொடுத்தார்களாமே?" என்று கேட்டேன். அவர் கண் சிமிட்டிவிட்டு, "அம்மா, அதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றனவே!" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பதில் எனக்குள் தங்கிவிட்டது. 1744இலேயே நிற்கும் ஊரால், தனக்குப் பின்னால் நேர்ந்ததைச் சொல்ல முடியாதல்லவா?

நேர்ந்தது இதுதான். 1758இல் ஆங்கிலேயர் பெரும் கப்பற்படையோடு மீண்டும் வந்தார்கள். ஊர் மறுபடியும் வீழ்ந்தது; மக்கள், 1745இல் நடந்ததைப் போலவே, பிரான்சுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். மீண்டும் ஓர் உடன்படிக்கையில் இதைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் என்ன செய்வது என்ற எண்ணமோ என்னவோ, 1760இல் லண்டனிலிருந்து கட்டளை வந்தது. சுரங்கம் வெட்டும் படைப்பிரிவினர் மதில்களுக்குக் கீழே குடைந்து, வெடிமருந்து வைத்து, மாதக்கணக்கில் உழைத்துக் கோட்டையைத் தகர்த்தார்கள். அதன்பின் இருநூறு ஆண்டுகள் அங்கே புல்லும் ஆடுகளும் மீனவர் குடில்களுமே இருந்தன.

அப்படியானால் நாம் இன்று பார்ப்பது? 1961இல் தொடங்கி மீண்டும் கட்டியது! அதுவும் வரலாற்றுப் பற்றினால் மட்டும் கட்டியதன்று. கேப் பிரெட்டன் நிலக்கரித் தீவு. 1950களின் இறுதியில் நிலக்கரிக்கு மதிப்புக் குறைந்து சுரங்கங்கள் மூடப்பட்டபோது, நீதிபதி ஐவன் ரேண்ட் தலைமையில் கனடிய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. வேலை இழந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு வேலை தரும் வழிகளுள் ஒன்றாக இக்கோட்டையை மீட்டுக் கட்டலாம் என்று அவ்வாணையம் 1960இல் பரிந்துரைத்தது. நிலத்தடியில் கரி வெட்டிய கைகள் கல் செதுக்கவும், மரம் இழைக்கவும், இரும்பு அடிக்கவும் புதிதாகக் கற்றுக்கொண்டன. சுரங்கக்காரர்கள் தகர்த்ததைச் சுரங்கக்காரர்களே எழுப்பினார்கள். அதே காலத்தில்தான் நம் நாட்டில் தோட்டத் துண்டாடலால் நம் பாட்டன்மார் பலர் வேலை இழந்து நின்றார்கள். அவர்களுக்குக் கட்டுவதற்குக் கோட்டை எதுவும் கிடைக்கவில்லை.

கட்டியது பழைய ஊரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். ஆனால் கட்டிய விதம் வியக்கத்தக்கது. பிரெஞ்சு அதிகாரிகள் எதையும் எழுதி வைப்பவர்கள். பிரான்சிலும் பிற நாடுகளிலும் இருந்த ஆவணங்களில் ஏறத்தாழ 750,000 பக்கங்களும், சுமார் 500 வரைபடங்களும் திரட்டப்பட்டன. யாரேனும் இறந்தால் அவர் வீட்டிலிருந்த நாற்காலி, கரண்டி, கிழிந்த சட்டை வரை பட்டியல் எடுக்கும் வழக்கம் இருந்தது. ஆளுநர் டியூகெனல் 1744 அக்டோபரில் இறந்தபோதும் அப்படியே எடுத்தார்கள். அவருடைய அறைகளை இன்று அதே பொருள்களால் அணிசெய்ய முடிந்திருப்பது அந்தப் பட்டியலால்தான். படைவீரர் விடுதிக்குச் சென்றால் வைக்கோல் படுக்கை. எளியோர் உணவகத்தில் கரண்டி ஒன்று மட்டும் தருகிறார்கள், முள்கரண்டியெல்லாம் மேல்தட்டினருக்கு. அரசு அடுமனையில் வாங்கிய படைவீரர் ரொட்டி கனத்தது, புளித்தது, கடிக்கக் கடினமானது. அக்காள் மகன் பாதியிலேயே என்னிடம் தந்துவிட்டான். நான் விடாமல் தின்று தீர்த்தேன்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஊர் முழுவதும் புதிய ரொட்டி மணம் கமழ்கிறது. ஆயிரக்கணக்கான மீன்களை வெயிலில் உலர்த்திய துறைமுகம் இப்படியா மணந்திருக்கும்? கருவாட்டுக் கொட்டகையைக் கடந்து சென்ற எவரும் இதை நம்ப மாட்டார்கள்!

அதைவிட ஆழமான செய்தி அந்தப் பட்டியல்களுக்குள்ளேயே இருக்கிறது. மக்கள் விட்டுச்சென்ற உடைமைகளை எழுதிய அதே வகை ஆவணங்கள், அடிமைகளையும் உடைமையாக எழுதியிருக்கின்றன. பிரெஞ்சுக் காலத்தில் இங்கே 200க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தனர். அவர்களுள் ஒருவர் மரி மார்கெரித் ரோஸ். ஆப்பிரிக்காவின் கினியாவில் பிறந்தவர். 19 வயதில், 1736இல், ஓர் அதிகாரிக்கு விற்கப்பட்டு, 19 ஆண்டுகள் அவர் வீட்டில் உழைத்தார். 1755இல் விடுதலை பெற்று, மிக்மாக் பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை மணந்து, சொந்தமாக ஓர் உணவு விடுதியே நடத்தினார். இரண்டே ஆண்டுகளில் இறந்தும்போனார். அப்போது அவர் விட்டுச்சென்ற பொருள்களுக்கும் பட்டியல் எடுத்தார்கள். ஒருகாலத்தில் தாமே உடைமையாக இருந்தவர், தமக்கென்று உடைமைகளை வைத்துவிட்டு இறந்திருக்கிறார். 2008இல் கனடிய அரசு அவரைத் தேசிய வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தவராக அறிவித்தது. அந்தத் தீவை உனமாகி என்றழைத்து, பிரெஞ்சுக்காரர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வாழ்ந்துவரும் மிக்மாக் மக்களோ அத்தகைய பட்டியல்களை விட்டுச்செல்லவில்லை. தாள் உள்ளவர்களின் ஊரை மீண்டும் கட்டுவது எளிதாக இருந்திருக்கிறது.

மாலையில் கட்டப்படாத பகுதிக்குத் தனியே நடந்தேன். புல் மூடிய மேடுகள், சிதறிய கற்கள். உடையணிந்தோர் எவரும் இல்லை. அப்பால் ரோஷ்ஃபோர் முனை என்னும் நிலமுனை கடலுக்குள் நீள்கிறது. பிரெஞ்சுக்காரரும் பாஸ்டன் பக்கத்தவரும் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கடல்மட்டம் உயர்ந்து அலைகள் அந்தக் கரையை அரித்துவருவதால், கல்லறைகள் கரையும் முன்னரே எலும்புகளைக் காப்பாற்றும் அகழாய்வு 2017இல் தொடங்கியது. கட்டிய ஊர் உறுதியாக நிற்க, உண்மையான மனிதர்கள் கிடக்கும் மண் கரைகிறது.

என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். மலாக்காக் கோட்டையையும் ஆங்கிலேயர்தான் தகர்த்தார்கள், 1807இல். அங்கே நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அக்காலத்தில் மலாக்காவில் சிறுவராக இருந்தவரும், தமிழ் கற்றவருமான முன்ஷி அப்துல்லா, அந்த இடிப்பைத் தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். கோட்டைக்குள் பேய்கள் குடியிருப்பதாகக் கூலியாள்கள் நடுங்கியதையும், கடைசியில் வெடிமருந்து வைத்ததையும் அதில் காணலாம். அடுத்த கல்விச் சுற்றுலாவில் மாணவர்களை நேரே கொத்தளத்தின்மேல் ஏற்றப்போவதில்லை. முதலில் கீழே நிழலில் அமரவைத்து, அந்தப் பகுதியைத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். பிறகு மதிலைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கல் 1807க்கு முந்தியது, எந்தக் கல் 2006க்குப் பிந்தியது என்று அவர்களே குறித்துக்கொண்டு வரட்டும். பேருந்து அரை மணி நேரம் காத்திருக்கலாம். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.