உயிரணு மூப்பு

உயிரணு மூப்பென்பது, பிளந்து பெருகும் இயல்புடைய உயிரணு அவ்வாற்றலை நிரந்தரமாக இழந்த பின்னும் மடிந்துபோகாமல், இயங்கிக்கொண்டே உடலில் தங்கியிருக்கும் நிலையாகும். முதுமைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தை அறிய விரும்புவோர் இந்நிலையை ஆராய்தல் இன்றியமையாதது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், தனித்து வளர்க்கப்படும் உயிரணுக்கள் அழிவற்றவை என்ற கொள்கையே செல்வாக்குப் பெற்றிருந்தது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் அலெக்ஸிஸ் காரெல் 1912-ல் கோழிக்கருவின் இதயத்தினின்று வளர்க்கத் தொடங்கிய திசு 1946 வரை வளர்ந்துவந்ததாகக் கூறப்பட்டமையும், நோபெல் பரிசு பெற்ற அவரது கீர்த்தியும் சேர்ந்து, அக்கொள்கையை ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக்கிவிட்டன. ஆகவே, தம் குடுவைகளில் அணுக்கள் பெருகாமல் நின்றபோதெல்லாம் ஆய்வாளர்கள் தம் கைத்திறனையே நொந்துகொண்டனர்.

இம்மயக்கத்தைப் போக்கியவர்கள் பிலடெல்பியாவின் விஸ்டார் கழகத்தைச் சேர்ந்த லெனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் ஆவர். மனிதக் கருவினின்று எடுத்த அணுக்கள் ஏறத்தாழ 50 முறை இரட்டித்தபின் நின்றுவிடுகின்றன என்று 1961-ல் அவர்கள் அறிவித்தனர். பலமுறை பெருகி ஓய்ந்துவரும் ஆண் அணுக்களையும், சிலமுறையே பெருகிய பெண் அணுக்களையும் ஒரே குடுவையில் கலந்து வளர்த்து, தனியே வைத்த ஆண் அணுக்கள் பெருகாமல் நின்ற சமயத்தில் அக்கலவையின் குரோமோசோம்களைச் சோதிக்க, பெண் அணுக்களே எஞ்சியிருக்கக் கண்டனர். குற்றம் உணவிலோ குடுவையிலோ இருந்திருப்பின் இரண்டும் ஒருங்கே நின்றிருக்கும். எல்லை அணுவினுள்ளேயே அமைந்துள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான பிரமாணம் வேண்டுவதில்லை.

அவ்வெல்லையின் காரணத்தை 1971-ல் ருஷ்ய அறிஞர் அலெக்ஸி ஒலோவ்னிகோவ் ஊகித்தார். டி.என்.ஏ. படியெடுக்கப்படுந்தோறும் குரோமோசோமின் நுனி சிறிது குறைகிறது. டெலோமியர் எனப்படும் அந்நுனி மிகவும் தேய்ந்ததும் அணு பெருகுவதை நிறுத்துகிறது. நுனியை மீண்டும் வளர்க்கும் டெலோமிரேஸ் என்னும் நொதியை எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் கண்டுபிடித்து 1985-ல் வெளியிட்டனர். புற்றணுக்களில் மிகப் பெரும்பாலானவை இந்நொதியைக் கைக்கொண்டே எல்லையைக் கடக்கின்றன.

நுனித் தேய்வு மட்டுமே மூப்புக்குக் காரணமன்று. புற்றைத் தூண்டும் ராஸ் மரபணுவை இயல்பான அணுவில் புகுத்தினால் அது பெருகிப் புற்றாவதற்கு மாறாக மூப்படைந்து நின்றுவிடுவதை 1997-ல் அறிஞர் கண்டனர். நம் தோலிலுள்ள மச்சங்களிற் பலவும் இவ்வகையினவே: புற்றுக்குரிய மரபணு மாற்றத்தைப் பெற்றுச் சிறிது பெருகிய நிறவணுக்கள், மூப்பினால் தடுக்கப்பட்டுப் பல்லாண்டுகள் அப்படியே அடங்கிக் கிடக்கின்றன. இளமையில் மூப்பு ஒரு காவல் என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆயினும், அக்காவலுக்கு உடல் கொடுக்கும் விலை பெரிது. வயது ஏற ஏறத் திசுக்களில் மிகுந்துவரும் மூப்பணுக்கள் அழற்சியை விளைவிக்கும் பலவகைப் புரதங்களைச் சுரக்கின்றன என்றும், அச்சுரப்புகள் அருகிலுள்ள புற்றணுக்களின் பெருக்கத்துக்கே துணைபோகக்கூடும் என்றும் ஜூடித் காம்பிசி முதலியோர் காட்டினர். 2011-ல் மேயோ மருத்துவ நிலைய ஆய்வாளர்கள், விரைவில் மூப்படையும் சுண்டெலிகளில் இவ்வணுக்களை அகற்ற, கண்புரையும் தசை மெலிவும் தாமதப்பட்டன.

இதுகொண்டு மூப்பணுக்களை முற்றிலும் களைதல் நன்மையே பயக்குமென முடிவுகட்டுதல் தகாது. சுண்டெலிகளின் தோற்புண் காலத்தில் ஆறுவதற்கும் இவ்வணுக்களின் சுரப்பு தேவைப்படுகிறது.