பன்னிரண்டு டொலரில் எழுந்த பாடசாலை



பாடசாலையில் உண்டியல் வைத்தால், "பிள்ளைகளின் சில்லறைக் காசில் என்ன ஆகப்போகிறது?" என்று எம்மில் சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்காகவே இந்த வரலாறு.

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், முரித்கே என்ற ஊரில், ஓர் ஏழைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் இக்பால் மஸீஹ். மூத்த சகோதரனின் கல்யாணச் செலவுக்காகக் குடும்பம் கம்பள முதலாளி ஒருவரிடம் 600 ரூபாய் கடன் வாங்கியது. அதற்கு ஈடாக நான்கு வயது இக்பால் தறிக்கு அனுப்பப்பட்டான். இந்த முன்பணத்தை அங்கே 'பேஷ்கி' என்பார்கள். உழைக்க உழைக்கக் கடன் குறைய வேண்டும். ஆனால் வட்டி, அபராதம் என்று அது கூடிக்கொண்டே போனது.

1992இல் பாகிஸ்தான் கொத்தடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தது. தறியில் இருந்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. கொத்தடிமை விடுதலை முன்னணியின் கூட்டமொன்றில் அதைக் கேள்விப்பட்ட இக்பால், தறியை விட்டு வெளியேறினான். பாடசாலை சென்றான். மற்றப் பிள்ளைகளுக்கும் அந்தச் சட்டத்தை எடுத்துச் சொன்னான்.

1994 டிசம்பரில் ரீபொக் மனித உரிமை விருது பெற அமெரிக்காவின் பொஸ்டனுக்குப் போனவன், அருகிலுள்ள குயின்சி நகரின் புரோட் மெடோஸ் பாடசாலைக்கும் சென்று மாணவர்களோடு பேசினான். அவர்களும் அவனும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் சத்துணவின்றித் தறியில் குந்தியிருந்து வளர்ந்ததால் அவன் அவர்களை விட மிகச் சிறியவனாகத் தெரிந்தான்.

நான்கு மாதங்களில், 1995 ஏப்ரல் 16ஆம் திகதி, இக்பால் சுட்டுக் கொல்லப்பட்டான்.

செய்தி கேட்ட அந்த மாணவர்கள் அழுததோடு நிற்கவில்லை. அவன் பெயரில் பாகிஸ்தானில் பாடசாலை கட்ட முடிவெடுத்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர்கள் கேட்டது 12 டொலர். இக்பாலை விலைபேசிய கடன் ஏறத்தாழ அவ்வளவு. அவன் வயதும் 12. மின்னஞ்சல் புதிதாக இருந்த அக்காலத்தில் அதன் மூலமே வேறு பாடசாலைகளுக்கும் எழுதினார்கள். ஒரு இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அங்குள்ள அமைப்பொன்றின் பொறுப்பில், புல்லே ஷாஹ் அடங்கியிருக்கும் கசூரில், பாடசாலை திறக்கப்பட்டது.

பிள்ளைகளை ஈடுவைக்கும் இந்தக் கொடுமை முஸ்லிம்கள் பெரும்பான்மையான நாட்டில் நடந்தது. அதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஒரு கிறிஸ்தவச் சிறுவனின் பெயரால், எங்கோ இருந்த பிள்ளைகள் அனுப்பிய காசு, முஸ்லிம்கள் நிறைந்த ஊரில் வகுப்பறையாகியது. கொடுத்தவர்கள் யாருடைய மார்க்கத்தையும் விசாரிக்கவில்லை.

அடுத்த முறை உண்டியலைச் சுற்றும்போது, "காசு போடுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், அது யாருக்காக, அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிக் கொடுப்போம். குயின்சி மாணவர்கள் இக்பாலைக் கண்டிருந்தார்கள், அவன் பேச்சைக் கேட்டிருந்தார்கள். அதனால்தான் அவர்களின் 12 டொலர் பாடசாலையானது.