டாக்டருக்குப் பதில் யார்? பாராரெஸ்க்யூ மருத்துவப் பயிற்சியின் கதை

விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து, காயம்பட்டவர்களை மீட்டுவரும் வீரர்கள் என்றதும் நமக்கு ஹாலிவுட் படம்தான் ஞாபகம் வரும். கயிறு, ஹெலிகாப்டர், துப்பாக்கிச் சத்தம். சில நாட்களாக நான் தேடிப் படித்துக்கொண்டிருப்பது வேறு பக்கம். குதித்து இறங்கியாச்சு, சரி. அதற்குப் பிறகு அந்த ஆள் என்ன வைத்தியம் பார்ப்பார்? அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அமெரிக்க விமானப்படையின் பாராரெஸ்க்யூ பிரிவை வைத்து இதைப் பார்க்கலாம். கதை தொடங்குவது அமெரிக்காவில் இல்லை. நம்ம நாகா மலையில்.

1943: குதித்தது ஒரு டாக்டர்

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் சீனாவுக்குப் போகும் தரைவழி அடைபட்டது. அஸ்ஸாமிலிருந்து மலைகளைத் தாண்டி குன்மிங்குக்கு விமானத்தில்தான் சரக்கு போனது. 'ஹம்ப்' என்று விமானிகள் அழைத்த அந்தப் பாதையில் எக்கச்சக்கமான விமானங்கள் விழுந்தன. 1943 ஆகஸ்ட் 2 அன்று சபுவாவிலிருந்து கிளம்பிய ஒரு சி-46 விமானத்தின் எஞ்சின் நடுவழியில் நின்றது. உள்ளே 21 பேர். அவர்களில் ஒருவர் சிபிஎஸ் வானொலிச் செய்தியாளர் எரிக் செவரெய்ட். துணை விமானி இறந்துபோனார். மற்ற 20 பேரும் பாராசூட்டில் குதித்து, இந்திய-பர்மா எல்லைக் காட்டில் பாங்ஷா என்ற நாகா கிராமத்துப் பக்கம் இறங்கினார்கள்.

ரேடியோ ஆப்பரேட்டருக்குக் கால் உடைந்திருந்தது. மேலிருந்து மருந்தைப் போடலாம், வைத்தியத்தை எப்படிப் போடுவது? அன்றைக்கே லெப்டினன்ட் கர்னல் டான் ஃப்ளிக்கிங்கர் என்ற ராணுவ மருத்துவர் இரண்டு உதவியாளர்களோடு அந்தக் காட்டில் குதித்தார். பிறகு மொகோக்சுங்கிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி ஃபிலிப் ஆடம்ஸ் ஆட்களோடு நடந்து வந்து சேர, எல்லோரும் பல நாள் நடந்து வெளியே வந்தார்கள். பாராரெஸ்க்யூ பிரிவு தன் பிறப்பாக இன்றும் சொல்லிக்கொள்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

போர் முடிந்ததும் இதை ஒரு அமைப்பாக மாற்றினார்கள். 1946இல் ஏர் ரெஸ்க்யூ சர்வீஸ் வந்தது. 1947இல் பாராரெஸ்க்யூ குழுக்களுக்கு அனுமதி கிடைத்தது. ஃப்ளிக்கிங்கர் மாதிரியே, ஒவ்வொரு குழுவிலும் ஒரு மருத்துவர் இருப்பார் என்பதுதான் முதல் திட்டம்.

கொஞ்ச காலம்தான் அது ஓடியது. எம்பிபிஎஸ் மாதிரி வருடக்கணக்கில் படித்த ஒருவரை விமானத்திலிருந்து தள்ளிவிட எந்த ராணுவத்திடமும் போதுமான டாக்டர்கள் இல்லை. 1940களின் கடைசியிலேயே பற்றாக்குறையால் குழுக்களிலிருந்து டாக்டர்கள் விலக்கிக்கொள்ளப்பட்டார்கள். குதிக்கிற ஆள் மட்டும் மிச்சம். ஒரு டாக்டரின் அறிவில் எவ்வளவு பகுதியை, டாக்டர் அல்லாத ஒருவர் கையில் கொடுக்க முடியும்? அடுத்த எழுபது வருடப் பயிற்சி வரலாறு முழுக்க இந்தக் கேள்விக்கான பதில்தான்.

1966: காட்டிலும் தெருவிலும்

1966 ஏப்ரல் 11. வியட்நாமில் காம் மி என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு காலாட்படைக் கம்பெனி மாட்டிக்கொண்டது. வில்லியம் பிட்சன்பார்கர் என்ற 21 வயது பிஜே (பாராரெஸ்க்யூ ஆட்களுக்கு இதுதான் சுருக்கப் பெயர்) ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கினார். காயம்பட்ட ஒன்பது பேரை மேலே ஏற்றி அனுப்பினார். தானும் ஏறிவிடும் வாய்ப்பு இருந்தும் அவர் போகவில்லை. ஹெலிகாப்டர் சுடப்பட்டுத் திரும்பிப்போன பிறகும் கையில் கிடைத்ததை வைத்துக் கட்டுப்போட்டு, சிம்பு வைத்து, தோட்டா பொறுக்கிக் கொடுத்து, அன்று இரவு செத்துப்போனார். 2000ஆம் ஆண்டு அவருக்கு மெடல் ஆஃப் ஆனர் வழங்கப்பட்டது.

வீரக்கதையாக மட்டும் படித்தால் ஒரு விஷயம் தப்பிவிடும். மருத்துவர் பட்டம் இல்லாத 21 வயதுப் பையன், குண்டு பறக்கும் இடத்தில் யாரை முதலில் அனுப்புவது, யார் காத்திருக்கலாம் என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தான். அதே வருடம் அமெரிக்க நகரங்களில் விபத்தில் அடிபட்டால் நிலைமை என்ன தெரியுமா? 1966 செப்டம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமி வெளியிட்ட அறிக்கை அதைப் போட்டு உடைத்தது. 1965இல் மட்டும் விபத்துகளில் இறந்தவர்கள் 1,07,000 பேர். ஆம்புலன்ஸ் சேவையில் சுமார் பாதியை நடத்தியவர்கள் சவ அடக்கம் செய்யும் நிறுவனத்தார். காரணம், ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் நீள வண்டி அவர்களிடம்தான் இருந்தது! பலத்த காயம்பட்டால் நகரத் தெருவைவிடப் போர்க்களத்தில் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று வியட்நாமிலிருந்து திரும்பிய நிபுணர்கள் சொன்னதையும் அந்த அறிக்கை எடுத்துச்சொன்னது.

இதற்குப் பிறகுதான் தெருவுக்கும் 'டாக்டருக்குப் பதில் ஆள்' வந்தார். 1967இல் பிட்ஸ்பர்க்கில் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. பீட்டர் சாஃபர் என்ற மயக்கவியல் மருத்துவர், வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார். பின்னர் நான்சி கரோலைன் அந்தப் பயிற்சியை வளர்த்தார். 1975இல் அந்தச் சேவையை மூடிவிட்டார்கள், ஆனால் பாடத்திட்டம் சாகவில்லை. 1977இல் வந்த தேசிய பாராமெடிக் பாடத்திட்டத்தின் வேர் அங்கேதான். நம்ம ஊர் 108 வண்டியில் வருபவரை ஈஎம்டி என்கிறோமே, அந்தப் பதவிப் பெயரும் இந்த வழியில் வந்ததுதான்.

தெருவின் பாடம், போர்க்களத்தில் தப்பு

இங்கேதான் கதை திரும்புகிறது. தெருவில் உருவான பாராமெடிக் பாடம் நன்றாக இருந்தது, தேர்வு இருந்தது, சான்றிதழ் இருந்தது. ராணுவ மருத்துவப் பயிற்சியும் அதைப் பின்பற்றியது. ஆனால் அந்தப் பாடம் சில விஷயங்களைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும். யாரும் உங்களைச் சுடவில்லை, வண்டி வாசலில் நிற்கிறது, ஆஸ்பத்திரி சில நிமிட தூரம்.

டூர்னிக்கேவை எடுத்துக்கொள்ளுங்கள். கையையோ காலையோ இறுக்கி, ரத்தத்தை அடியோடு நிறுத்தும் பட்டை. ரொம்ப நேரம் கட்டி வைத்தால் உறுப்பே போய்விடும் என்ற பயத்தில், வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள். நகரத்தில் அது சரி. காயத்தை அழுத்திப் பிடிக்க ஒரு ஆள் இருப்பார், பத்து நிமிடத்தில் சர்ஜன் இருப்பார். போர்க்களத்தில்? வியட்நாமில் கை கால் காயத்தின் ரத்தப்போக்கால் மட்டுமே, வேறு பெரிய காயம் இல்லாமல் இறந்தவர்கள் 2,500க்கும் மேல் என்று ஒரு மதிப்பீடு. ஒரு பட்டை இருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள்.

இதைக் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் பட்லர். முதலில் கடற்படையின் சீல் வீரர், பிறகு கண் மருத்துவர். இரண்டு பக்கமும் தெரிந்த ஆள். 1996இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, போர்க்கள சிகிச்சையை மூன்று கட்டமாகப் பிரித்தது. குண்டு பாயும்போது, குண்டு ஓய்ந்தபோது, வெளியேற்றும்போது. முதல் கட்டத்தில் மருத்துவமே கிட்டத்தட்ட கிடையாது. திருப்பிச் சுடு, மறைவுக்குப் போ, உயிரைக் குடிக்கும் ரத்தப்போக்கு இருந்தால் டூர்னிக்கே கட்டு. அவ்வளவுதான். மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற பழக்கமான வரிசைகூட மாறி, பெரிய ரத்தப்போக்கு முதலிடத்துக்கு வந்தது. நல்ல மருத்துவத்தைத் தப்பான நேரத்தில் செய்தால் நோயாளியும் சாவார், வைத்தியம் பார்ப்பவரும் சாவார் என்பதுதான் அதன் சாரம்.

பெரும்பாலான ராணுவப் பிரிவுகள் இதைக் கண்டுகொள்ளவில்லை. சீக்கிரம் ஏற்றுக்கொண்ட சில பிரிவுகளில் சீல், ரேஞ்சர், பாராரெஸ்க்யூ ஆகியவை உண்டு. பலன்? 2006இல் பாக்தாத் ராணுவ ஆஸ்பத்திரியில் டூர்னிக்கே கட்டிய 232 பேரைக் கவனித்த ஆய்வில், அதிர்ச்சி நிலைக்குப் போகும் முன் கட்டியவர்களில் 90 சதவீதம் பிழைத்தார்கள், அதற்குப் பிறகு கட்டியவர்களில் 10 சதவீதம். பட்டை கட்டியதாலேயே யாரும் கையையோ காலையோ இழக்கவில்லை. 75ஆவது ரேஞ்சர் படைப்பிரிவு மருத்துவ உதவியாளரோடு நிறுத்தாமல் எல்லா வீரர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தது. 2001 முதல் 2010 வரை அவர்களில் 419 பேருக்கு அடிபட்டது, 32 பேர் இறந்தார்கள். களத்தில் சரியான சிகிச்சை கிடைக்காததால் இறந்தவர் ஒருவர்கூட இல்லை.

2015இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்காக 'ஸ்டாப் த பிளீட்' இயக்கம் தொடங்கியபோது இதே பட்டை பள்ளிக்கூடத்துக்கும் கடைவீதிக்கும் போனது. பாடம் மறுபடியும் களத்திலிருந்து தெருவுக்கு.

அப்படியென்றால் பழைய பாராமெடிக் பாடம் வேஸ்ட்டா?

இல்லை. இன்றும் ஒரு பிஜே தேசிய பாராமெடிக் தேர்வில் பாஸாக வேண்டும், ஆம்புலன்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் நின்று பழக வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2014 ஏப்ரலில் பசிபிக் கடலில், மெக்சிகோ கரையிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் தள்ளி, ஒரு பாய்மரப் படகில் ஒரு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல். மருந்துக்கு மசியவில்லை. கலிஃபோர்னியாவிலிருந்து வந்த நான்கு மீட்பு வீரர்கள் பாராசூட்டில் கடலில் குதித்துப் படகில் ஏறினார்கள். கடற்படைக் கப்பல் வந்து சேரும்வரை குழந்தையைப் பார்த்துக்கொண்டது அவர்கள்தான். டூர்னிக்கே கட்ட மட்டும் தெரிந்தவரால் அங்கே என்ன செய்ய முடியும்? எடையைப் பார்த்து மருந்தளவு கணக்குப் போட வேண்டும், நீர்ச்சத்து குறைகிறதா என்று மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும்.

இதே வேலையைத்தான் 1943இல் ஃப்ளிக்கிங்கர் நாகா மலையில் செய்தார்: குதித்தார், உடைந்த காலைக் கட்டினார், கூடவே இருந்தார். டாக்டரை அனுப்ப முடியாது என்று தெரிந்த பிறகு, அவர் செய்ததைத் துண்டு துண்டாகப் பிரித்து, எது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். 'கூடவே இருப்பது' என்ற கடைசித் துண்டை மட்டும் எந்தப் பாடத்திட்டமும் மாற்றவில்லை. பிட்சன்பார்கர் ஹெலிகாப்டரில் ஏறாமல் நின்றதும் அதற்காகத்தானே?